நாலு கட்டை தூரம்

ஆறு மணித்தியாலம், நாற்பது நிமிடம். அப்பாவின் தலையில் அரப்பு வைக்கும்போதும் கலாராணிக்கு அந்தக் கணக்குத்தான். தேயிலைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவருக்கு வாய் கோணியதிலிருந்து பதுளையில் ஸ்கேன் எடுக்கும்வரை. மூன்று மணித்தியாலத்துக்குள் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார் டொக்டர். மறுநாள் காலை கந்தப்பன் இறந்தார்.

அண்ணன் புவனேந்திரன் தலையை மழித்து, பீலித் தண்ணீரில் குளித்து, ஈர வேட்டியுடன் வந்து நின்றான். குடம் தூக்க வேண்டியவன் அவன்.

"அவன் கையில குடத்தக் குடுக்காதீங்க," என்றாள் அம்மா பெரியாயி. "ஸ்கேன் இல்லாத ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ப் போட்டவன் அவன்."

"டிஸ்பென்சரி செவுத்துல பேப்பர் ஒட்டியிருக்காங்கம்மா. வாதம் வந்தா நம்ம தோட்டத்துக்கு அந்த ஆஸ்பத்திரின்னு. அங்க போனா ஆம்புலன்ஸு புள்ளத்தாச்சியோட பதுளைக்குப் போயிருச்சு."

"பதுள பஸ்ஸு நம்ம ரோட்டுலயே நின்னுச்சேடா!"

"பேப்பருன்னா ஒனக்குச் சாமி வாக்கு," என்றாள் அத்தை இராக்கம்மா. "தேத்தண்ணி குடிக்கவும் பேப்பர் ஒட்டணுமா ஒனக்கு?"

"தங்கச்சி ஆபீசு போட்ட பேப்பரு அத்த. அதான் நம்புனேன்."

யாரும் கலாராணியைப் பார்க்கவில்லை. அவள் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். அப்பாவின் வலது கை பலகையிலிருந்து நழுவியது. எடுத்து வைத்தாள்.

அந்தப் பேப்பர் எழுதியது 2008 தை மாதம். அவள் வேலை செய்த சுகாதார அலுவலகச் சுவரில் மாகாண வரைபடம். எந்தத் தோட்டத்துக்கு எந்த ஆஸ்பத்திரி என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். மேலதிகாரி பத்மநாதன் சேர் அவளுடைய தோட்டத்தின் மேல் அளவுகோலை வைத்து மைல் கணக்குப் பார்த்தார்.

"இங்கையிருந்து பக்கத்து ஆஸ்பத்திரிக்கு நாலு கட்டைதான். பதுளைக்குப் பதினொரு கட்டை. ஆனா ரோட்டு எப்பிடியெண்டு தெரியேல்ல. பிள்ளை, உமக்கு இந்தத் தோட்டப் பக்கம் ஏதும் தெரியுமோ?"

ஏழு பேர் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். விண்ணப்பத்தில் அவள் கொடுத்திருந்தது பதுளை டவுன் விலாசம்.

வெளியே தப்புச் சத்தம் நின்றது. தூக்க வேண்டிய நேரம்.

"அவரு தம்பி மகன் குடம் தூக்கட்டும்," என்றாள் பெரியாயி.

புவனேந்திரன் தோளில் போட்ட துண்டை எடுத்து, நான்காக மடித்து, மறுபடியும் பிரித்தான். கூட்டம் விலகி அவனுக்கு வழிவிட்டது, வெளியே போக.

கலாராணி குடத்தைத் தூக்கி அவன் தோளில் வைத்தாள்.

"என்னடி பண்ற?"

"அம்மா, அந்தப் பேப்பர் எழுதுறப்ப என்னையக் கேட்டாங்க. இந்தத் தோட்டம் தெரியுமான்னு."

இராக்கம்மா கிட்டே வந்தாள். "பதுளைக்கு நேரா பஸ்ஸு இருக்குன்னு நீ சொல்லலியா?"

"தெரியாதுன்னு சொன்னேன் அத்த. இந்தத் தோட்டமே தெரியாதுன்னு சொன்னேன்."