மஞ்சுவின் டோக்கன்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் யாராவது கெஞ்சினால் மனசு இளகிவிடும். அந்தப் பாழாய்ப்போன மனசுதான் என் குடியைக் கெடுத்தது.

நகரியில் இரண்டு விசைத்தறிகளுக்கு நடுவே பதினெட்டு வருடம் நின்றதில் என் வலது இடுப்பின் தசைநார் கிழிந்துவிட்டது. திருப்பதியில் ஒரு டாக்டர், நம் ரத்தத்தையே எடுத்து மெஷினில் சுற்றி, தெளிந்து வருவதை இடுப்பிலேயே ஊசியாகப் போடுவார் என்றார்கள். போனேன். ரத்தம் எடுத்தார்கள், குழாயில் டோக்கன் நம்பரை எழுதினார்கள், கூப்பிடும்வரை உட்காரச் சொன்னார்கள்.

பக்கத்தில் பிச்சாட்டூர் மஞ்சு. அவளுக்கும் அதே இடுப்பு, அதே ஊசி.

"அக்கா, பஸ்சு போயிடும்க்கா. உன் டோக்கன் முன்னாடி வருது, மாத்திக்கலாமா?"

"எடுத்துத் தொலை," என்றேன். சாமி தரிசன வரிசையிலேயே இடம் விட்டுக்கொடுக்கிறவர்கள் நாங்கள். குழாயில் இருந்த நம்பர் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. அவள் ரத்தம் எனக்குள் போனது, என் ரத்தம் அவளுக்குள்.

பத்தாம் நாள் வலி போயே போய்விட்டது. "இன்னாமே, குதிரையாட்டம் நடக்கிற!" என்று கேலி செய்தார் என் வீட்டுக்காரர் கோவர்த்தனன். சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

மறுநாள் காலை பால் வாங்கக் கிளம்பினேன். கால் பால்கடையில் நிற்கவில்லை. நேராகப் போய் பிச்சாட்டூர் பஸ்ஸில் ஏறியது. "அடச்சீ, நில்லு!" என்று தொடையில் அடித்தேன். பக்கத்து சீட்காரர் தள்ளி உட்கார்ந்தார். இறங்கியதும், நான் பார்த்தேயிராத தெருக்களில் மேடு பள்ளம் தெரிந்து நடந்து, ஒரு பச்சைக் கதவின் முன் நின்றது.

கதவைத் திறந்தவரிடம் "மஞ்சு வீடா?" என்றேன். அவள் புருஷன் குணா.

"மஞ்சுவா? காலைலயே நகரி பஸ்சுல ஏறிப் போய்ட்டாமா. கூப்ட கூப்டத் திரும்பிக்கூடப் பாக்கல."

வீட்டுக்குப் போன் செய்தேன்.

"யாருமா?" என்றார் கோவர்த்தனன். பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது.

"யோவ், நான்தான்யா, வெங்கடலட்சுமி!"

"வெளையாடாதமா. என் சம்சாரம் தோ தறிகிட்ட நின்னுகினு இருக்கா." பிறகு அந்தப் பக்கம் யாரிடமோ சொன்னார்: "ஏமே, உன் போன எவளோ தூக்கிக்கினு போய்ட்டா."

போனை வைத்துவிட்டார். ஐயோ, என் வீடு, என் புருஷன்! அடுத்த பஸ்ஸைப் பிடித்தால்கூட ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். திரும்பினேன். இடுப்புக்கு மேலே மட்டும்தான் திரும்பியது.

குணா என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல முகத்தைப் பார்த்தார். அவர் குழப்பம் தீர்ந்துவிட்டது.

"வந்துட்டியா மஞ்சு?" என்றார். "உள்ள வா. கொயந்த பசில அழுவுது."

கால் படியைத் தாண்டியது.