ஐம்பது ரூபாய் மாப்பிள்ளைகள்

தனபாலனுக்கு மாதச் சம்பளம் முப்பது ரூபாய். சிந்தாதிரிப்பேட்டையில் பெண் பார்க்கப் போன வீட்டில் அவன் சொல்லிவைத்ததோ ஐம்பது. தை மாதம் கல்யாணம். இது தெரிந்த ஒரே ஆள் நான், அவன் வேலை பார்க்கும் தியாகராய நகர் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் பவுல்சாமி. அவனை நன்றாகத் திட்டினேன். திட்டிவிட்டு, தங்கமான பையன், இவன் கல்யாணம் நின்றுவிடக் கூடாதே என்று கர்த்தரிடமும் சொல்லிவைத்தேன்.

அவன் ஒருநாள் துணிந்து, வெளியில் எல்லாக் கடையிலும் ஐம்பதுதான் என்று முதலாளி இசக்கிமுத்து அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டான். அண்ணாச்சி கோபப்படவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"ஊர்ல என்ன கொடுக்காவன்னு விசாரிச்சிட்டு வாரும். அதையே எல்லாருக்கும் கொடுக்கேன். ஒரு ரூவா குறைக்க மாட்டேன்."

சாந்தோம் கோயிலுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு, குடையும் நோட்டுமாகக் கிளம்பினேன். மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் பதினோரு கடை. தனபாலன் வயசுப் பையன்களாகப் பார்த்து வயசென்ன, எந்த ஊர், எத்தனை வருஷ வேலை, என்ன சம்பளம் என்று கேட்டேன். நாற்பத்தெட்டு, ஐம்பது, ஐம்பத்திரண்டு என்றார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பையன் தப்பித்தான்.

நோட்டைப் பார்த்த அண்ணாச்சியின் முகம் விழுந்துவிட்டது. கடைப் பையன்கள் ஒன்பது பேருக்கும் இந்தக் கணக்கில் கொடுத்தால் கடையை மூட வேண்டியதுதான் என்றார். ஆனாலும் சொன்ன சொல்லை மாற்றவில்லை. அவரைத் தேற்றுவதாக நினைத்து ஒரு வேடிக்கையைச் சொன்னேன். திருவல்லிக்கேணியில் ஒருவன் வாசல் வரை வந்து என்னை வழியனுப்பி, "பொண்ணு படிச்சிக்கீதா சார்?" என்று கேட்டான். எனக்கு இருப்பது இரண்டும் பையன்கள்.

அண்ணாச்சி என் கோட்டை மேலும் கீழும் பார்த்தார். "வே பவுல்சாமி, ஒம்மைப் பொண்ணு வீட்டுக்காரர்னுல்லா நெனச்சிருக்கானுவ."

மடையன் நான். பெண்ணைப் பெற்றவன் கேட்கும் கேள்விகளை வரிசை பிசகாமல் கேட்டிருக்கிறேன். அவனிடம் எவன் உண்மைச் சம்பளத்தைச் சொன்னான்?

கோட்டைக் கழற்றிவிட்டு, இந்தத் தடவை மற்றக் கடைக் கணக்கப்பிள்ளைகளை அவரவர் காப்பி குடிக்கும் ஹோட்டலில் போய்ப் பிடித்தேன். எங்கள் கடைச் சம்பளத்தை முதலில் நானே சொன்னேன். கடைப் பெயரை எழுதுவதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். மத்தியானச் சாப்பாடு போடும் கடையென்றால் அதையும் பணமாக்கிச் சேர்த்தேன். தனபாலன் வேலைக்கு முப்பத்தெட்டு என்று வந்தது. அண்ணாச்சி நிம்மதியாக மூச்சுவிட்டு, எல்லாருக்கும் அவரவர் வேலைக்கேற்பச் சம்பளத்தை ஏற்றினார்.

எட்டுப் பேர் சந்தோஷமாகச் சிரித்தார்கள். ஐம்பது என்று சொல்லிவைத்த தனபாலன் மட்டும் துணி மூட்டைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு அவனைச் சிந்தாதிரிப்பேட்டைக்கு இழுத்துக்கொண்டு போனேன். பெண்ணின் அப்பா பாத்திரக்கடைக்காரர். தனபாலன் தரையைப் பார்த்தபடி, ஐம்பது என்று சொன்னது பொய், முப்பத்தெட்டுதான் என்றான். உள்ளே வளையல் சத்தம் நின்றது.

அவர் உள்பக்கம் திரும்பி, "தங்கம், மாப்பிள்ளை ஐம்பதுன்னப்ப நாம எவ்வளவுன்னு வச்சிருந்தோம்?" என்று கேட்டார்.

"முப்பதுப்பா," என்றது உள்ளேயிருந்து குரல்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதினோரு கடை ஏறி இறங்கியதற்கு, முதலிலேயே அந்தப் பெண்ணிடம் கேட்டிருக்கலாம்.