மேடம் சொல்லும் உயரம்

பெயிண்டர் கதவு மாதிரி அகலம். மனைவி அவர் முதுகுக்குப் பின்னால் நின்றால் துளிகூடத் தெரியமாட்டாள். எல்லா வம்பும் அங்கேதான் ஆரம்பித்தது.

ஏணி வழுக்கி விழுந்ததில் அவருடைய வலது தோள் நொறுங்கிப்போனது. ஆபரேஷன் முடிந்ததும், வீட்டிலேயே பயிற்சி செய்யச் சொல்லி ஒரு ஏஐ செயலியைப் போனில் ஏற்றிக் கொடுத்தார்கள். போனை அலமாரியில் சாய்த்து வைத்தால் போதும். கேமரா வழியாகக் கையைப் பார்த்து, எவ்வளவு தூக்கவேண்டும் என்று ஒரு பெண் குரல் சொல்லும். அவர்கள் வீட்டில் அதற்குப் பெயர் மேடம்.

முதலில் கை நெஞ்சைத் தாண்டவேயில்லை. "இன்னும் கொஞ்சம் முயற்சி செய்யுங்கள்" என்றது மேடம், விடாமல்.

"சீலிங் முழுக்க ஒத்தை ஆளா அடிச்சவன் நான். என்னைப் பார்த்து முயற்சி பண்ணுங்குது!" பெயிண்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏய், பின்னாடி வந்து முழங்கைய லேசா தாங்கேன்."

தாங்கினாள். "அருமை!" என்றது மேடம். அவர் சிரித்தார். விழுந்த பிறகு வந்த முதல் சிரிப்பு. அதற்காகவே மறுநாளும் தாங்கினாள். மேடம் உயரத்தை ஏற்றிக்கொண்டே போக, அவளும் எக்கி எக்கித் தூக்கினாள்.

"ஆடாம நில்லுடி, ஏணி மாதிரி."

"ஏணிய நம்பித்தானே இந்தக் கதி? நானாவது ஒழுங்கா நிக்கறேன்."

ஒருநாள் வெளியூரிலிருந்து மகள் கூப்பிட்டாள். "அம்மா, அப்பா கலக்கிட்டார்! மேடம் அனுப்பற ரிப்போர்ட்ல கோடு மேல மேல போகுது. வீட்டுக்கு வர இருந்த பிசியோகாரங்க இனி வரமாட்டாங்களாம். தேறாதவங்களுக்குத்தான் ஆள் அனுப்புவாங்களாம்."

அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அந்தக் கோடு கீழ இறங்கினா வருவாங்களா?"

"அது எதுக்கும்மா இறங்கப்போகுது? நல்ல வார்த்தையா பேசு."

போனை வைத்ததும் கணவரிடம் மெல்ல ஆரம்பித்தாள். "ஏங்க, நான் தாங்கறத பொண்ணுகிட்ட சொல்லிடலாமா?"

"என்னத்தச் சொல்ல? நீ சும்மா தொடுற, தூக்கறது நான்தானே? மேஸ்திரிகிட்டகூட வேலைக்கு வர்றேன்னு சொல்லியாச்சு."

அவள் தன் விரல்களை விரித்துப் பார்த்தாள். அவர் கையின் மொத்தக் கனமும் தன் உள்ளங்கையில் இருந்தது இந்த மனுஷனுக்குத் தெரியவே தெரியாதா?

மறுநாள் காலை பயிற்சி. கோடு இறங்கட்டும், யாராவது வந்து பார்க்கட்டும் என்று நினைத்தபடி பின்னால் நின்றாள். கை உயர்ந்தது. பாதியில் அவள் தன் விரல்களை எடுத்துக்கொண்டாள்.

கை தொப்பென்று விழுந்தது.

"இன்னும் கொஞ்சம் முயற்சி செய்யுங்கள்."

பெயிண்டர் பல்லைக் கடித்துத் தூக்கினார். நெஞ்சுவரை வந்து நடுங்கி நின்றது. மறுபடி தூக்கினார். மறுபடியும் அங்கேதான் நின்றது. கழுத்து நரம்பெல்லாம் புடைத்துவிட்டது. திரும்பி அவளைப் பார்த்தார். அந்த முகத்தை அவள் ஆஸ்பத்திரியில்கூடப் பார்த்ததில்லை.

"மேடம் மக்கர் பண்ணுது போல," என்றார், குரல் உள்ளே போய். "கேமராவுல தூசி இருக்கும். துடைச்சு வையேன்."

சுத்தமாக இருந்த போனைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"அருமை!" என்றது மேடம்.