ஆறுநாளும் காய்ந்த சேறும்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தங்கை புருஷன் கல்லாகிப்போன மீன்களையும் எலும்புகளையும் தோண்டியெடுத்து ஆராய்கிற விஞ்ஞானி. பெரிய மியூசியத்தில் பெரிய வேலை. அதே ஆசாமிதான் உலகம் ஆறே நாளில் படைக்கப்பட்டது, அதற்கு வயது ஆறாயிரம் வருஷம் என்று மனதார நம்புகிறவர். நான் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ஆறுநாள். நேரில் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறேன். தங்கை வாழ வேண்டாமா?

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஒரு மனிதனுக்குள் இரண்டு கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருந்த..." சே! கடிகாரமாம், மண்ணாங்கட்டி. அடுத்து: "அவர் ஒரு மோசடிக்காரர்." இதுவும் சரிவரவில்லை. மோசடிக்காரனுக்குத் தான் பொய் சொல்வது தெரியும்.

2

எழுதும் கட்டுரையில் மீனுக்கு ஐந்து கோடி வருஷம், போகிற கிறிஸ்தவ சபையில் உலகத்துக்கே ஆறாயிரம். "தொண்டையில சிக்காதா மாப்பிள்ளை?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அது மியூசியத்தோட கணக்கு மச்சான். நான் கணக்குப் பாக்கறவன் இல்ல, எலும்பு பாக்கறவன்."

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுமாம் விலாங்கு. இவர் அதற்கே பாடம் எடுப்பார். ஒருமுறை சபையில் பேசும்போது, பழக்க தோஷம், "அஞ்சு கோடி வருஷத்துக்கு முன்னாடி" என்று வாய் தவறி வந்துவிட்டது. மூப்பர் இருமினார். பிறகு யாரோ சிரித்தார்கள். நாத்திக விஞ்ஞானிகளைப் போல நடித்துக் காட்டுகிறார் என்று நினைத்துச் சபையே கைதட்டியது. இவரும் சிரித்துக்கொண்டே நின்றார்.

[மியூசியத்தில் யாருக்கும் தெரியாதா என்று கேட்பீர்கள். எல்லாருக்கும் தெரியும். "அவர் கை மாதிரி இன்னொரு கை கிடைக்காதுங்க, மத்ததெல்லாம் அவர் சொந்த விஷயம்" என்பார் இயக்குநர். காட்சிக்கு நல்ல மீன் வந்தால் போதும் அவருக்கு. இந்த மனிதருக்குத் தனிக் கதை எழுதித் திட்ட வேண்டும்.]

3

தங்கையை இதில் இழுக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். அவள் இல்லாமல் கதை நகரவில்லை.

அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தாள். காய்ச்சலில் போய்விட்டாள். பரலோகத்தில் மறுபடி அவளைப் பார்ப்பீர்கள் என்று சபை சொன்னது. வேதத்தில் ஒரு வரி பொய்யானால் எல்லாமே பொய் என்று சொன்னதும் அதே சபைதான். ஆக, ஆறு நாள் பொய் என்றால் குழந்தையும் இல்லை. இப்படி முடிச்சுப் போட்டுக் கொடுத்தவர்களை என்ன செய்தால் தகும்?

"அவ்வளவு படிச்ச மனுஷனே நம்பறாரு. நம்பாம இருக்க நான் யாருண்ணா?" என்பாள் தங்கை.

(இந்த இடத்தில் என் நக்கல் நொண்டுகிறது. ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன்.)

4

போன மாதம் மியூசியத்துக்கு ஒரு பலகைக் கல் வந்தது. மேலே சின்ன மீன்கள், கூட்டமாக. அடியில் பெரிய மீன் ஒன்று, தலை மட்டும் வெளியே தெரிகிறது. எல்லாம் உலகையே மூழ்கடித்ததாக வேதம் சொல்லும் ஜலப்பிரளயத்தில் ஒரே மூச்சில் புதைந்தவை என்று சபைக்கு ஒரே கொண்டாட்டம்.

ஆனால் இரண்டுக்கும் நடுவே நகக்கனத்தில் ஒரு சேற்றுப் படிவு. அதில் வெடிப்புகள். குளம் வற்றினால் தரை பாளம் பாளமாக வெடிக்குமே, அதேதான். உலகமே தண்ணீருக்குள் கிடந்தபோது நடுவில் சேறு எப்போது வெயில் கண்டது? ஆறுநாளுக்கு இது பார்த்தவுடனே தெரிந்திருக்கும். அவர் கண் அப்படி.

இன்னொன்றும் உண்டு. பெரிய மீன் முழுசாகத் தெரிய வேண்டுமானால் அந்தப் படிவைச் சுரண்டி எடுக்க வேண்டும். இயக்குநர் கேட்பதும் அதைத்தான். சுரண்டினால் மியூசியத்துக்கு மீன், சபைக்குப் பிரளயம், இவருக்கு நிம்மதி. யாரும் குறை சொல்லப்போவதில்லை.

5

முடிவு ஒன்று: சுரண்டுகிறார். கைதட்டல். கோழை.

முடிவு இரண்டு: சுரண்டுகிற ஊசியை வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும்... அவர் அப்படிச் செய்பவரா? பதினைந்து வருஷமாக வழுக்கினவர், ஒரு சேற்றைப் பார்த்துத் திருந்தினார் என்றால் நீங்கள் என் முகத்தில் காறித் துப்ப மாட்டீர்களா?

இரண்டையும் அவரிடமே படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"சுரண்டினா கோழை, விட்டா தோத்தவன். ரெண்டுலயும் நீங்கதான் ஜெயிக்கறீங்க மச்சான்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தப்பென்று ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை.

6

தங்கை அந்த மீனைப் பார்க்க ஆசைப்பட்டாள். நான்தான் கூட்டிப்போனேன். அவர் மேசை விளக்கைத் தாழ்த்தி, ஊசியால் ஒரு ஓரத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். படிவு இன்னும் அப்படியே இருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். சின்ன மீன்களை, பெரிய மீனின் தலையை, பிறகு நடுவில்.

"இதென்னங்க கோடு கோடா?"

"காஞ்ச சேறு" என்றார் அவர். வாய் முந்திக்கொண்டது. சபையில் தவறிய அதே வாய்தான். ஆனால் இங்கே கைதட்ட ஆளில்லை.

அவள் அந்தக் கோடுகள்மேல், தொடாமல், விரலை ஓட்டினாள். நான் அவளை அசடு என்று நினைத்துத்தான் இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன்.

"சுத்தி எல்லாம் தண்ணியாச்சே. நடுவுல சேறு எப்படிங்க காஞ்சுது?"

அவர் ஊசியை மேசையில் வைத்தார்.

இதற்கு மேல் எழுத மாட்டேன். அவர் சொன்ன பதில் எனக்குத் தெரியும், பக்கத்தில்தான் நின்றேன். கல்லைச் சுரண்டியோ விட்டோ நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் அவளுக்குப் பதில் சொல்லிவிடுங்கள். என்னோடு சேர்ந்து சிரித்துக்கொண்டு அல்ல. சேற்றைப் பற்றிக் கேட்டாலும் அவள் குழந்தையைத்தான் கேட்கிறாள். முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.