நாய் சாகாத புத்தகம்

அலமாரியை நகர்த்த முடியவில்லை. மகன் மூர்த்தி ஒரு பக்கம், எதிர்வீட்டு இருசப்பன் ஒரு பக்கம், துணைக்குத் தோள் கொடுக்க இன்னும் இரண்டு பேர் என்று மூச்சைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தார்கள். அது இருந்த இடத்தைவிட்டு ஒரு நூல் அசையவில்லை. உள்ளே இருந்தவை அத்தனையும் பாஞ்சாலை தன் கையால் தைத்து, பசை தடவி, அட்டை போட்ட புத்தகங்கள். பிணத்துக்குத் தலை தெற்கே இருக்க வேண்டும். தெற்குச் சுவரை முழுக்க அந்த அலமாரி பிடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் அலமாரியை ஒட்டியே தலை வருகிற மாதிரி பெஞ்சைப் போட்டுப் பாஞ்சாலையைக் கிடத்தினார்கள். வழக்கமாக அவள் உட்காரும் இடம்தானே என்று அவள் புருஷன் அப்பாசாமிக்கு அதில் ஒரு சின்ன ஆறுதல்.

அவருடைய அக்கா ஜோதியம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. அலமாரியின் மேல்தட்டில் ஒரு குரங்கு தொப்பி போட்டுக்கொண்டு அட்டை நிறையச் சிரித்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு முதலை, அதுவும் சிரித்தது. சாவு வீட்டில் இதென்ன பல் இளிப்பு என்று முணுமுணுத்தபடி ஒரு வெள்ளைத் துப்பட்டியைக் கொண்டுவந்து அலமாரியை மூடினாள். பிறகு உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியைத் தொடர்ந்தாள். தம்பி பெண்டாட்டியை உயிரோடு இருந்தபோது ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவள், இப்போது தங்கமே வைரமே என்று அழுதாள். பாஞ்சாலை கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள் என்று அப்பாசாமி நினைத்துக்கொண்டார்.

எண்பத்திரண்டாம் வருஷத்துத் தை மாதம் அது. மூன்று வாரம் படுக்கையில் இருந்துவிட்டு, அன்று விடியற்காலையில் பாஞ்சாலை போய்விட்டாள். இதயம் பெருத்துவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது எனக்கு எப்பவோ தெரியும் என்று அவளே அதற்கு ஒரு வேடிக்கை சொன்னாள். இனி அவளுடைய அண்ணன் தசரதன் போளூரிலிருந்து பிறந்த வீட்டுக் கோடிப் புடவையோடு வர வேண்டும். அது வராமல் பாடை எழும்பாது. மத்தியானம் ஆகிவிடும் என்றார்கள்.

காத்திருந்த நேரத்தில் மூர்த்தி அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வேலூரில் மின்சார வாரியத்தில் வேலை பார்க்கிறான். நல்ல பிள்ளை, எதையும் தணிவாகச் சொல்வான். கருமாதி முடிந்ததும் என்னோடு வந்துவிடுங்கள், தனியாக இங்கே எதற்கு, இந்த அலமாரியை ஏதாவது பள்ளிக்கூடத்தில் ஒப்படைத்துவிடலாம் என்றான். அப்பாசாமி சரி என்று தலையை ஆட்டினார். பாஞ்சாலை இல்லாமல் அந்த அலமாரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. முயன்று பார்த்துத் தோற்றவர் அவர்.

பேகோபுரத் தெருப் பிள்ளைகளுக்கும் அக்கம்பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கும் கதைப்புத்தகம் வாடகைக்கு விடுவது பாஞ்சாலையின் தொழில். வாடகை பேருக்குத்தான். ஒரு பிள்ளைக்கு எந்தப் புத்தகம் பொருந்தும் என்று எடுத்துக் கொடுப்பதில்தான் அவளுக்கு ருசி. வருகிற பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை, என்ன வகுப்பு, எவ்வளவு மார்க் என்று எதையும் கேட்க மாட்டாள். போன புத்தகத்தில் எந்த இடத்தை இரண்டு தரம் படித்தாய், எந்த இடத்தைத் தாண்டிப் போனாய் என்று இரண்டே கேள்வி. பதில் வந்ததும் அலமாரியை ஒரு பார்வை. அந்தந்தப் புத்தகத்தில் என்னென்ன இருக்கிறது என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். இதில் சாப்பாடு நிறைய வரும், இதில் மழை ஓயாது, இதில் உபதேசம் ஜாஸ்தி, இதில் வில்லன் நல்லவனாகிவிடுவான், அது உனக்குப் பிடிக்காது. எல்லோரும் படிக்கிறார்கள் அதனால் எனக்கும் கொடு என்று எவனாவது கேட்டால் மட்டும் கோபம் வரும். "அது ஊரப் பத்துன சேதிடா, பொஸ்தகத்தப் பத்துன சேதி இல்ல" என்பாள். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரம்மா தமிழ் கற்றுக்கொள்ள வந்து நின்றபோதுகூட அசரவில்லை. எழுத்து கம்மியாகவும் யானை பெரிதாகவும் இருந்த ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தாள். அந்தம்மா அடுத்த வாரமே வந்து இன்னொரு யானை கேட்டார்.

அப்பாசாமியின் வழி வேறு. வேட்டவலம் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். படியேறும் ஆளின் முகத்தைப் பார்த்தே இது எந்த ஊர் டிக்கெட் என்று சொல்லிவிடுவார், கேட்பதற்கு முன்பே கிழித்தும் விடுவார். புத்தகத்துக்கும் அதே கணக்குத்தான் என்று நம்பினார். பாஞ்சாலை படுக்கையில் விழுந்ததும் அலமாரிக்கு முன்னால் கெத்தாக உட்கார்ந்தார். மரக்கடைக்காரர் மகன் வந்தான். காட்டைப் பற்றிய புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். மறுநாளே திரும்பி வந்து, இதிலும் மரம்தான் இருக்கிறது என்று அழாத குறையாகச் சொன்னான். நர்சம்மா மகளுக்கு உடம்பைச் சுத்தமாக வைத்துக்கொள்வது பற்றி ஒன்று. அந்தப் பெண் அதைத் திண்டிவனத்துச் சித்தி வீட்டில் மறந்து வைத்துவிட்டதாகச் சொன்னது, சந்தோஷமாகவே சொன்னது. ஒவ்வொரு பிள்ளையும் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பி வரும்போது, உள்ளே கட்டிலிலிருந்து பாஞ்சாலையின் குரல் வரும்.

"இன்னாங்க, மறுபடியும் மூஞ்சப் பாத்து டிக்கெட் கிழிச்சிட்டீங்களா?"

சிரிப்பாள். சிரித்தால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினாலும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்பதற்காகவே தப்பான புத்தகம் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள அப்பாசாமிக்கு ஆசைதான். ஆனால் உண்மை அது இல்லை. ஒரே ஒரு தடவையாவது சரியாக எடுத்துக் கொடுத்து அவளை அசத்திவிட வேண்டும் என்று மூன்று வாரமும் மல்லுக்கட்டினார். நடக்கவில்லை.

வெயில் வாசலுக்கு வந்த நேரத்தில் தையல்கடை எல்லம்மாள் அழுதுகொண்டே உள்ளே வந்தாள். அவள் புடவையைப் பிடித்தபடி மகள் உண்ணாமலை. பத்து வயசு. கையில் புத்தகம். எல்லம்மாள் பெண்களின் வட்டத்துக்குள் போய்க் கட்டிப்பிடித்து உட்கார்ந்துவிட்டாள். உண்ணாமலை பாஞ்சாலையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நெற்றியில் இருந்த காசைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக அப்பாசாமியிடம் வந்து புத்தகத்தை நீட்டினாள்.

"இன்னிக்கித் தேதி மாமா. அத்தை தேதி தப்புனா திட்டும்."

அப்பாசாமி வாங்கிப் பார்த்தார். அவரே கொடுத்ததுதான். தையல்கடைப் பிள்ளை என்பதால், நூறு பட்டுப் பாவாடை வைத்திருந்த ஒரு இளவரசியின் கதையைக் கொடுத்திருந்தார். நன்றாக இருந்ததா என்று கேட்கக்கூட அவருக்குத் தைரியம் இல்லை. அந்தப் பெண் போகாமல் நின்றாள். என்ன கேட்கிறோம் என்று யோசிப்பதற்குள் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

"இதுல எந்த எடத்த ரெண்டு தரம் படிச்ச?"

உண்ணாமலை தயங்கவே இல்லை. அந்த இளவரசியின் கட்டிலுக்கு அடியில் ஒரு நாய்க்குட்டி படுத்திருக்கிறதாம். ஒரே ஒரு பக்கத்தில்தான் வருகிறது. அப்புறம் பாவாடை, பாவாடை, கல்யாணம், முற்றும்.

"அந்த நாய்க்குட்டி இன்னா ஆச்சின்னு சொல்லவே இல்ல மாமா. மறந்துட்டாங்க. எனக்கு நாய மறக்காத பொஸ்தகம் வேணும். ஆனா நாய் சாவக் கூடாது."

பின்னால் ஒப்பாரி உச்சத்தில் இருந்தது. அப்பாசாமிக்கு அது காதில் விழவில்லை. நாய் என்றதும் அவருக்குள் கத்திரிக்காய்க் குழம்பின் மணம் வந்தது. பல வருஷம் முன்பு ஒரு நாள், கடைசி ட்ரிப் முடித்து வந்து சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். பாஞ்சாலை குழம்பை ஊற்றிக்கொண்டே அன்று படித்து முடித்த புத்தகத்தைச் சொல்கிறாள். தினமும் சொல்வாள். இவர் பாட்டுக்கு ம் கொட்டிக்கொண்டு அன்றைய வசூலை மனதுக்குள் கூட்டிக்கொண்டிருப்பார். அன்றைக்கு மட்டும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. கதையில் ஒரு கண்டக்டர் நாயைப் பஸ்ஸில் ஏற்றிக்கொள்கிறான். எந்தக் கண்டக்டரும் ஏற்ற மாட்டான், செக்கிங் வந்தால் வேலை போய்விடும் என்று சண்டைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் நடந்தது அந்தச் சண்டை. அதனால் அந்தக் கதை முழுவதும் அவரிடம் அப்படியே இருந்தது. அது மட்டுமா? குரங்கும் முதலையும் வருவது, மழை ஓயாதது, வில்லன் திருந்துவது, அவள் குழம்போடு சேர்த்துப் பரிமாறியவை ஒவ்வொன்றாக மேலே எழும்பி வந்தன. எதுவும் காதில் ஏறவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

எழுந்து போய் பெஞ்சுக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். துப்பட்டியை விலக்கினார். பச்சை அட்டை, கீழிருந்து இரண்டாம் தட்டு, பாஞ்சாலையின் தலைக்கு நேர் மேலே. கையை எட்டி எடுக்கும்போது அவருடைய சட்டை அவள் நெற்றியை உரசியது. எடுத்ததும், சரிதானே என்று கேட்பதற்காகக் கட்டில் இருந்த பக்கம் திரும்பினார். கட்டில் காலியாக இருந்தது. அப்போதுதான், அன்று காலையிலிருந்து வராத அழுகை ஒரே மூச்சாக வந்தது. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"சாவு வூட்லருந்து ஒரு பொருளு வெளிய போவக் கூடாதுடா" என்றாள் ஜோதியம்மாள், ஒப்பாரியை நடுவில் நிறுத்தி.

"வெளிய போற பொருளு இல்லக்கா. திரும்பி வர்ற பொருளு" என்றார் அப்பாசாமி.

உண்ணாமலைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, பாஞ்சாலை செய்வது போலவே புத்தகத்தைத் திறக்காமல் மேலே கையை வைத்துக்கொண்டார். மனசைக் கலக்கும் இடம் எங்கே இருக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லாமல் அவள் எந்தப் பிள்ளையிடமும் புத்தகம் கொடுத்ததில்லை.

"நாய் சாவாது. மொதப் பக்கத்துலருந்து கடைசி வரைக்கும் வரும். நடுவுல தொலஞ்சி பூடும். மழ, இருட்டு, அதத் தேடினே இருப்பாங்க. அந்த எடம் கொஞ்சம் பெரிசு. அழுவ வந்தா அழுதுடு, நிறுத்திடாத, படிச்சிக்கினே போ."

"அப்புறம்?"

"அப்புறம் வந்துடும். உபதேசம் ஒண்ணும் கெடையாது. ஒரு கண்டக்டரு நாய பஸ்ல ஏத்திக்குவான். அது ஒண்ணுதான் பொய்யி, மத்ததெல்லாம் நெஜம்."

உண்ணாமலை சிரித்துவிட்டாள். வாய்விட்டு, பளிச்சென்று. பெண்கள் வட்டம் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பியது. எல்லம்மாளுக்கு மானம் போய்விட்டது. எழுந்து வந்து மகளின் தோளைப் பிடித்து வாசல் பக்கம் தள்ளி, நேராக வீட்டுக்குப் போய்ச் சேரச் சொன்னாள்.

படியில் இறங்கிய உண்ணாமலை, புத்தகம் வாங்கினால் இத்தனை நாளில் வருகிறேன் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லத் திரும்பி வாயைத் திறந்தாள். ஜோதியம்மாள் அதட்டினாள். சாவு வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது, வருகிறேன் என்ற பேச்சே எடுக்கக் கூடாது, வாயை மூடிக்கொண்டு போக வேண்டும். அந்தப் பெண் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். அப்பாசாமிக்கோ தேதி தெரிய வேண்டும்.

"எப்பக் குடுப்ப?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். ஜோதியம்மாளைப் பார்த்தாள். உதட்டை இறுக்கி வைத்துக்கொண்டு, புத்தகத்துக்கு மேலே நாலு விரலை நீட்டிக் காட்டினாள்.

"நாலு நாளு" என்று அப்பாசாமி தலையசைத்தார்.

மூர்த்தி பக்கத்தில் வந்து நின்றான். நாலு நாளில் தீட்டே கழியாது, கருமாதிக்கு அப்புறம் நாம் வேலூர் போய்விடுவோம், அந்தப் பிள்ளை யாரிடம் கொடுக்கும் என்று மெதுவாகக் கேட்டான்.

"வேகமாப் படிக்கிற புள்ளடா அது" என்றார் அப்பாசாமி. தெருவைப் பார்த்தபடியே இருந்தார். "அதுக்கடுத்து இன்னா குடுக்கறதுன்னுதான் பாக்கணும்."

மூர்த்தி அப்பாவின் முகத்தைப் பார்த்தான். எதிர்வீட்டுக்குப் போய்க் காபி கேட்டு வாங்கிக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தான்.

தெருமுனையில் மேளம் கேட்டது. போளூர்க்காரர்கள் வந்துவிட்டார்கள். கோடிப் புடவைத் தட்டைத் தலைக்கு மேலே ஏந்திக்கொண்டு முன்னால் தசரதன், பின்னால் கூட்டமாகப் பெண்கள். எதிரே உண்ணாமலை, திறந்த புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் போய்க்கொண்டிருந்தாள். அத்தனை மேளச் சத்தத்திலும் அவள் தலை நிமிரவில்லை. மேளக்காரர்கள் அடித்துக்கொண்டே இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். தசரதனும் தட்டோடு ஒதுங்கி நின்றார். அவள் நடுவில் நடந்து போனாள், போகும்போதே ஒரு பக்கத்தைப் புரட்டினாள்.