சக்கையில் ஒரு காலடி

மருந்துச் சக்கையைத் தெருவில் கொட்ட வேண்டும். மிதித்துப் போகிறவர்களோடு நோயும் போய்விடும். சீனா முழுவதற்கும் மூலிகை விற்கும் எங்கள் போஜோ ஊரில் இதுதான் வழக்கம். பாதி ஊர் விற்கிறது, மீதி ஊர் மிதிக்கிறது.

எனக்குச் சினைப்பையில் நீர்க்கட்டிகள். ஸ்கேனில் பாசிமணி கோத்ததுபோல் அழகாகவே இருந்தன. மாதவிலக்கு இஷ்டப்பட்டால் வரும். மோவாயில் முடி மட்டும் தவறாமல் வந்தது. குழந்தை வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னால் அழுதுவிடுவேன் என்பதால், சொல்லாமல் ஜோக்கடித்தே வருடங்களை ஓட்டினேன்.

வைத்தியர் சியூ அம்மா மணிக்கட்டில் விரல் வைத்து, நாக்கை நீட்டச் சொன்னார்.

"உள்ள ஒரே ஈரமும் சளியும். ஐஸ் டீ குடிக்கறியா?"

"எப்பவாவது, டாக்டரம்மா."

"தினமும்னு உன் நாக்கு சொல்லுது. கஷாயத்தைக் குடி. சக்கையை ஆள் நடக்கற எடத்துல கொட்டு."

கழுவாத சட்டியின் ருசி. குடித்துவிட்டேன். சக்கையைத் தெருவில் கொட்டத்தான் மனம் வரவில்லை. எங்கள் சந்தில் நடப்பவள் தோஃபு விற்கும் ஹௌ அக்காவின் மகள், புதிதாய்க் கல்யாணமானவள். என் நோயை அவள் காலில் கட்டுவதா? யாருமே போகாத, சந்து முடியும் சுவரோரமாகக் கொட்டினேன்.

"நோய் அங்க உக்காந்து சுவரையா பாத்துக்கிட்டிருக்கும்?" என்றான் என் கணவன் பாவ்காங்.

மறுநாள் காலை சக்கையில் ஒரு காலடி. வெறுங்கால், என் உள்ளங்கையைவிடச் சின்னது. சுற்றிலும் உறைபனி, வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை. அதன்பின் தினமும் இருந்தது.

"அக்கா, இந்தச் சந்துல சின்னக் குழந்தை யார் வீட்ல இருக்கு?"

"இங்கயா? பூனைகூட குட்டி போடறதில்ல," என்றாள் ஹௌ அக்கா.

அந்த மாதம் விலக்கு வந்தது, அடுத்த மாதமும் வந்தது. சந்தோஷப்பட முடியவில்லை. என் ஈரத்தையெல்லாம் யாரோ வெறுங்காலில் சுமந்துகொண்டு போகிறார்கள், இந்தக் குளிரில். பயந்துகொண்டே ஒரு ஜோடி துணிச்செருப்பு தைத்தேன், குழந்தைகளுக்குப் போடும் புலிமுகம் வைத்து.

"புலியா இது? பல்வலி வந்த பூனை," என்றான் பாவ்காங்.

சக்கைமேல் வைத்தேன். காலையில் செருப்பைக் காணோம். அன்றிலிருந்து காலடியும் இல்லை. பதிலாக, சந்தையிலிருந்து வரும்போதெல்லாம் எனக்குப் பின்னால் மெத்தென்று ஒரு நடை. நான் நின்றால் அதுவும் நிற்கும். திரும்பினால் யாரும் இல்லை.

பிறகு விலக்கும் நின்றது. மிதிக்க ஆளில்லாமல் நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து சியூ அம்மாவிடம் போனேன்.

ஒரு கையைப் பிடித்தார். மறு கையைப் பிடித்தார்.

"தட்டுல முத்து உருளற மாதிரி நாடி ஓடுது," என்றார்.

வயிற்றில் பிள்ளை தங்கியவளின் நாடி அது; இந்த ஊரில் அதைத் தெரியாத பெண் கிடையாது. ஒரு ஜோக்குகூட எனக்கு வரவில்லை.

அவர் என் தோளுக்கு மேலே வாசலைப் பார்த்தார். "குழந்தையைக் குளிர்ல நிறுத்தி வச்சிருக்கியே. உள்ள வரச் சொல்லு."

நான் திரும்பவில்லை.

"செருப்புல என்ன அது, பூனையா?"

"புலி, டாக்டரம்மா," என்றேன்.

பிறகு பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன்.