முதலாளி கைவைத்த வயிறுகள்

தென்காசியில் சங்கரபாண்டி பிள்ளைக்குத் தெரியாத விஷயம் எதுவும் கிடையாது. அதை அவரே சொல்வார். கிணறு தோண்டுகிறவனுக்கு ஊற்றுக்கண் எங்கே என்று காட்டுவார். வக்கீலுக்குச் சட்டம் சொல்வார். செங்கோட்டை ரயில் ஏன் தாமதமாக வருகிறது என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கே விளக்குவார். அப்பா வைத்துவிட்டுப் போன நெல் மண்டி ஒன்று இருந்ததால் இவ்வளவையும் நின்று கேட்க ஆள் இருந்தது.

மண்டி அவரால் நடக்கவில்லை என்பது அவர் மனைவி உலகம்மாளுக்குத் தெரியும். நடத்தியவர் ஒலி முகம்மது. அச்சன்புதூர்ப் பக்கம் களம் களமாக வெயிலில் அலைந்து, நெல்லை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து உமியை ஊதிப் பார்த்து, விலை பேசி வண்டி ஏற்றிவிடுவது அவர்தான். திண்டில் சாய்ந்தபடி, அந்த நெல்லில் என்ன குறை என்று கண்டுபிடிப்பது முதலாளியின் வேலை.

முப்பத்துநாலாம் வருஷம் சாரல் தொடங்கியதும் குற்றாலத்தில் ஒரு வாத்தியார் வந்து இறங்கினார். பெயர் தங்கசாமி. பினாங்கில் ஒரு சீனச் சாமியாரிடம் வயிறு பிடிக்கும் வித்தையைக் கற்றவராம். ஈரல், இரைப்பை, மண்ணீரல், குடல் என்று உள்ளே இருக்கிற ஒவ்வொன்றையும் வெளியிலிருந்தே விரலால் தடவிச் சரிப்படுத்தலாமாம். ஐந்தருவிப் பாதையில் ஒரு பங்களாவை வாடகைக்குப் பிடித்துப் பெரிய மனிதர்களுக்கு மட்டும் வகுப்பு நடத்தினார். பென்ஷன் வாங்கின தாசில்தார் ஒருவர், செங்கோட்டை மரக்கடைக்காரர், மூன்று நான்கு மிராசுதார்கள் சேர்ந்தார்கள். உட்கார்ந்து தின்றே வயிற்றைக் கெடுத்துக்கொண்டவர்கள், அடுத்தவர் வயிற்றைச் சரிசெய்யக் கிளம்பினார்கள். சங்கரபாண்டி பிள்ளை முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

முதலில் பிசைந்த கோதுமை மாவைத் துணிப்பையில் கட்டி அதன்மேல் பழகினார்கள். பிறகு ஒருவர் வயிற்றை ஒருவர் பிடித்தார்கள். சூடு பண்ணின விளக்கெண்ணெயைத் தொப்புளைச் சுற்றி விட்டு, கோயிலைச் சுற்றுவதுபோல் வலமாகவே விரலை ஓட்ட வேண்டும். படுத்திருப்பவர் மூச்சை விடும்போது வலது விலாவுக்குக் கீழே விரல்நுனியை மெல்ல உள்ளே கொடுத்தால் தட்டுப்படுவதுதான் ஈரலின் விளிம்பு. வாத்தியார் சொல்லிக்கொடுத்ததில் இவ்வளவும் பாதகமில்லை. பாதகம் அதற்குமேல்தான் வந்தது. கோபம் ஈரலில் போய்த் தங்குகிறது, கவலை மண்ணீரலில் தங்குகிறது, பயம் சிறுநீரகத்தில் ஒளிந்திருக்கிறது, பிடிக்கத் தெரிந்தவன் இதையெல்லாம் வெளியே எடுத்துவிடலாம் என்றார் அவர். மனுஷனுடைய குணத்தையே கையால் தொட்டுச் சொல்லலாம் என்று கேட்டதும் சங்கரபாண்டி பிள்ளைக்கு இருப்புக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம் வில்வண்டியை விட்டு இறங்கியதுமே மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, கோவம் ஈரல்லதான் தங்குமாம். உனக்கு அது வீங்கிப்போயில்லா இருக்கும். படு, பாத்திருவோம்."

"என் கோவம் ஈரல்ல இல்ல," என்றாள் உலகம்மாள். "எதுத்தாப்ல நிக்கி."

அதன்பிறகு அவர் அவளைக் கூப்பிடவில்லை. மண்டியில்தான் வயிறுகளுக்குப் பஞ்சமில்லையே. மூட்டை தூக்குகிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, வீட்டை ஒட்டி நெல் அடுக்கியிருக்கும் கிட்டங்கியின் ஓரத்தில் பாய் விரித்துப் படுக்கவைத்தார். அவர்கள் தொட்ட செம்பில் தண்ணீர் குடிக்காதவர், அவர்கள் வயிற்றில் எண்ணெய் போட்டுத் தேய்த்தார். தேய்த்து முடித்ததும் கிணற்றடிக்குப் போய்த் தலைமுழுகினார். அடுத்தவன் வயிற்று வாயு நம் கை வழியாக ஏறிவிடும், குளித்துத்தான் போக்க வேண்டும் என்று வாத்தியார் சொன்னாராம். தன்னிடம் வருகிறவர்கள் எப்பேர்ப்பட்ட ஆள் என்று வாத்தியாருக்கும் தெரிந்திருந்தது.

பிடித்து முடித்து "எப்படி இருக்கு?" என்று முதலாளி கேட்டால், "லேசா இருக்கு முதலாளி" என்று சொல்ல வேண்டும். எல்லாரும் சொன்னார்கள். தளவாய் என்கிற மூட்டைக்காரன் ஒரு படி மேலே போய், பத்து வருஷமாக இருந்த கவலை அப்படியே கரைந்துவிட்டது என்றான். அவனுக்கு வாரத்தில் பாதி நாள் வயிறு வலித்தது. வண்டியிலிருந்து மூட்டை இறக்குகிற நேரமாகப் பார்த்து வலித்தது. இதென்ன கூத்து என்று உலகம்மாள் கொல்லைப்புறத்தில் அவனை நிறுத்திக் கேட்டாள். வெயிலில் மூட்டை சுமப்பதற்குப் பாயில் படுத்துக் கிடப்பது மேல்தானே, முதலாளி கை மெத்தென்றுதான் இருக்கிறது, ஒருநாளும் வேலை செய்யாத கை பாருங்கள் என்றான் அவன். அவள் சிரித்துவிட்டாள். மண்டி பாழாகிறதே என்று பிறகுதான் தோன்றியது.

இதிலெல்லாம் சேராமல் இருந்தவர் ஒலி முகம்மது ஒருவர்தான். அவர் பகலில் மண்டியில் இருப்பதே அபூர்வம். ஆடி பிறந்த சமயம், ஒருநாள் முற்பகலில் களத்துக்குப் போகாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிட்டங்கிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. அதைப் பார்த்த சங்கரபாண்டி பிள்ளைக்கு உண்டான சந்தோஷத்தை உலகம்மாள் சாகும்வரை மறக்கவில்லை. இதுவரை வந்ததெல்லாம் பொய் வலி என்று அவருக்கும் உள்ளூரத் தெரிந்திருக்க வேண்டும். இதோ ஒரு நிஜமான வலி, தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

எண்ணெய் சூடாயிற்று. உலகம்மாள் அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஒலி முகம்மது பாயில் கால்களை மடக்கிக்கொண்டு படுத்திருந்தார். அவள் கணவர் காலை நீட்டச் சொன்னார். அடிவயிற்றின் வலது பக்கம் பலகைமாதிரி இறுகியிருக்கிறது, குடலில் பழைய துக்கம் கட்டிக்கொண்டிருக்கிறது, அதைக் கரைத்துத்தான் ஆக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அழுத்தினார். ஒலி முகம்மதுவின் கை பாயின் ஓரத்தைக் கசக்கியது. நெற்றியில் வேர்வை கொட்டியது. எப்படி இருக்கிறது என்று முதலாளி கேட்டார்.

"குறைஞ்சிருக்கு முதலாளி," என்றார் அவர்.

குறைந்ததென்றால் இன்னும் கொஞ்சம் பிடித்தால் முழுக்கப் போய்விடும். சங்கரபாண்டி பிள்ளை இன்னும் கொஞ்சம் பிடித்தார். பிறகு வழக்கம்போலத் தலைமுழுகிவிட்டு, வகுப்பில் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி குற்றாலத்துக்கு வண்டி கட்டச் சொன்னார்.

மறுநாள் விடிந்ததும் ஒலி முகம்மதுவின் மனைவி ஹைருன் பீவி வந்து வாசலில் நின்றாள். ராத்திரியெல்லாம் வாந்தி, உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது, வண்டி தந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றாள். பல் துலக்கிக்கொண்டிருந்த சங்கரபாண்டி பிள்ளை, கெட்டது கரைந்து வெளியே வரும்போது உடம்பு அப்படித்தான் காயும், இன்னொரு தடவை பிடித்தால் சரியாகிவிடும் என்று சொல்லி எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கப் போனார்.

உலகம்மாள் குறுக்கே வந்து நின்றாள். "அந்தக் கிண்ணத்த எடுத்தியள்னா அப்படியே உங்க தலையில கவுத்துருவேன். வண்டிக்காரனக் கூப்பிடுங்க."

வேலைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வண்டிக்காரனைக் கூப்பிட்டார்.

உலகம்மாளே கூட வண்டியில் ஏறி ஒலி முகம்மதுவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். தென்காசி டாக்டர் வயிற்றை லேசாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த ரயிலில் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோகச் சொன்னார். குடல்வால் பழுத்து உடைந்துவிட்டது, உள்ளே சீழ் பரவிக்கொண்டிருக்கிறது, இதன்மேல் எவன் கையை வைத்தான் என்று கேட்டார். ஹைருன் பீவி உலகம்மாளைப் பார்த்தாள். உலகம்மாள் தன் புருஷன்தான் என்று சொன்னாள். அதைச் சொல்லும்போது ஏற்பட்ட கேவலம் அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பட்ட எல்லாக் கேவலத்தையும்விடப் பெரிதாக இருந்தது.

பாளையங்கோட்டையில் வயிற்றைக் கிழித்துச் சீழை எடுத்தார்கள். பிழைப்பாரா என்று சில நாள் யாரும் சொல்லவில்லை. அந்தச் சமயத்தில் சங்கரபாண்டி பிள்ளை குற்றாலத்துக்குப் போய் வாத்தியாரைக் கேட்டார். நல்ல தெளிவோடு திரும்பி வந்தார். தப்பு வித்தையில் இல்லையாம். படுத்திருந்தவன் பயத்தில் மூச்சை அடக்கியிருக்கிறான், அதனால்தான் உள்ளே உடைந்திருக்கிறது. இப்படிப்பட்ட வயிறுகளைப் பிடிப்பதற்கு மேல்வகுப்பு ஒன்று இருக்கிறது, மார்கழியில் மதுரையில் ஆரம்பிக்கிறார்கள்.

"போறதாச் சொல்லிட்டு வந்தியளா?" என்று உலகம்மாள் கேட்டாள்.

"யோசிச்சுச் சொல்லுதேன்னு சொல்லியிருக்கேன்."

"யோசிக்கது எதுக்கு? இந்த வகுப்புக்கு ஒலி கெடச்சாரு. அடுத்த வகுப்புக்கு ஹைருன் பீவி வயிறு இருக்குல்லா. போயிட்டு வாங்க."

அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். அன்று அவள் சாப்பாட்டை மூடியும் வைக்கவில்லை.

ஒலி முகம்மது பிழைத்துக்கொண்டார் என்று தகவல் வந்ததும் உலகம்மாள் கணவரையும் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினாள். வழியெல்லாம் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எதிரில் உட்கார்ந்திருந்தவர் கடையநல்லூர்த் தறிகளைப் பற்றி ஏதோ தப்பாகச் சொன்னார். சங்கரபாண்டி பிள்ளை திருத்தப் போகவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒலி முகம்மது பாதியாக இளைத்துக் கிடந்தார். முதலாளியைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. சங்கரபாண்டி பிள்ளை பக்கத்தில் போய் நின்றார். எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே, அந்த இரண்டு மாதப் பழக்கத்தில், கை தானாகக் கட்டுப்போட்ட வயிற்றின் பக்கம் நீண்டது.

ஒலி முகம்மது போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம் முதலாளி. வலிக்கும்," என்றார்.

கை அப்படியே நின்றது. அடுத்த கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சங்கரபாண்டி பிள்ளை கையை எடுத்து மேல்துண்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"அன்னைக்கும் வலிச்சுதா?" என்று கேட்டார்.

"உயிரு போச்சு."

"குறைஞ்சிருக்குன்னுல்லா சொன்ன?"

"நீங்க கை வச்சுக் குறையலன்னு சொல்ல மண்டியில யாருக்கு வாய் இருக்கு முதலாளி?"

உலகம்மாளுக்கு ஒலி முகம்மதுமேலும் கோபம் வந்தது. சாகக் கிடக்கும்போதும் ஒரு மனிதன் மரியாதைக்காகப் பொய் சொல்வானா, வலிக்கிறது என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் அடுக்களையிலிருந்து அவளே ஓடி வந்திருக்க மாட்டாளா. ஆனால் ஜன்னலில் நின்று பாயைக் கசக்கும் கையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். சத்தம் கேட்டால்தான் வருவேன் என்று நின்ற அவள் மட்டும் என்ன உசத்தி?

வராந்தாவில் ஹைருன் பீவி சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். சங்கரபாண்டி பிள்ளை வெளியே வந்து, பெஞ்சு காலியாக இருந்தும் அவள் எதிரே தரையிலேயே உட்கார்ந்தார். ஒலிக்கு எப்போது வலி ஆரம்பித்தது என்று கேட்டார். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள். முந்தின நாள் களத்திலேயே தொப்புளைச் சுற்றி வலித்தது, பிறகு வலது பக்கம் இறங்கியது, சோறு வேண்டாம் என்றார், வேலை கெட்டுப்போகும் முதலாளிக்குச் சொல்லாதே என்றார். அவள் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு விளக்கமும் சொல்லவில்லை. இந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு ஒரு பேச்சை முழுசாகக் கேட்பதற்கு இன்னொருவன் வயிறு கிழிய வேண்டியிருந்தது என்று உலகம்மாள் நினைத்துக்கொண்டாள்.

ஒலி முகம்மது தேறி வந்தபின் மண்டிக்குத் திரும்பவில்லை. செங்கோட்டையில் மச்சானோடு சேர்ந்து மலையாளத்துக்கு அரிசி அனுப்பத் தொடங்கினார். நல்ல நெல்லெல்லாம் அவரைத் தேடிப் போயிற்று. சங்கரபாண்டி பிள்ளை அதற்குக் காரணம் கண்டுபிடித்து யாருக்கும் விளக்கவில்லை. மார்கழியில் மதுரைக்கும் போகவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அச்சன்புதூர்க் களங்களுக்குப் போனார். முதல் போகம் முழுக்க நெல் விளைவிக்கிற சம்சாரிகள் அவரைப் பதர் நெல் கொடுத்து ஏமாற்றினார்கள். ஏமாந்த வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து நின்றபோது உலகம்மாள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்வதற்கு நாக்கு துடித்தது என்பது வேறு விஷயம்.